மூன்று பைசா இடுக்கி, இருபது டாலர் கூந்தல்

இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையைப் படித்தவர்களுக்குக் கடைசிப் பக்கம் மறக்காது. பாட்டியின் கையில் இடுக்கி, கண்ணில் நீர். ஆனால் அந்தக் கண்ணீருக்கு வேண்டிய வேலையை பிரேம்சந்த் கதையின் தொடக்கத்திலேயே ஒரு சின்னக் கணக்கில் முடித்துவிடுகிறார். பாட்டி அமீனா துணி தைத்துக் கொடுத்து எட்டணா சம்பாதித்திருக்கிறாள். ஈத் பண்டிகைக்காக அதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள். நேரம் பார்த்துப் பால்காரி வந்து நிற்கிறாள். கொடுத்தது போக மிஞ்சியது இரண்டணா. அணாவுக்கு நான்கு பைசா என்ற அந்தக் காலக் கணக்கில் எட்டுப் பைசா. அதில் மூன்று பேரன் ஹமீதின் பைக்குப் போகிறது, ஐந்து அமீனாவின் சுருக்குப்பையில் தங்குகிறது. சலவைக்காரி, வளையல்காரி என்று பண்டிகைக்கு வாசலில் வந்து நிற்கிற எல்லோருக்கும் அந்த ஐந்து பைசாவில்தான் சேமியா காய்ச்சியாக வேண்டும்.

ஹமீதுக்கு நான்கைந்து வயது. அப்பா காலராவில் போய்விட்டார், அம்மாவும் இல்லை. காலில் செருப்பு கிடையாது. கூட வருகிற மஹ்மூதிடம் பன்னிரண்டு பைசா இருக்கிறது, மோஸினிடம் பதினைந்து. மேளா என்கிற பண்டிகைச் சந்தையில் ராட்டினம் சுற்ற ஒரு பைசா, களிமண் பொம்மை இரண்டு பைசா. மற்ற பிள்ளைகள் சிப்பாயும் வக்கீலும் தண்ணீர் சுமப்பவனுமாகப் பொம்மை வாங்கிக்கொண்டு மிட்டாய்க் கடைக்கு நகர்கிறார்கள். ஹமீது இரும்புச் சாமான் கடை முன்னால் நின்றுவிடுகிறான். ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் தவாவில் சுட்டுக்கொள்வது அவனுக்கு ஞாபகம் வருகிறது. இடுக்கி என்ன விலை? ஆறு பைசா. கடைசி விலை ஐந்து. மூன்றுக்குத் தருவீர்களா என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் திட்டுவது காதில் விழக்கூடாதென்று அவன் வேகமாக நடக்கத் தொடங்குகிறான். கடைக்காரர் கூப்பிட்டுக் கொடுத்துவிடுகிறார்.

1933-இல் வெளிவந்த கதை இது. இவ்வளவு காசுக் கணக்கு அதற்கு எதற்கு? அழகுக்காகவோ அந்தக் காலத்தைக் காட்டுவதற்காகவோ அல்ல. அந்தக் கணக்கை எடுத்துவிட்டால் இடுக்கி வெறும் இரும்பாகிவிடும்.

கதையில் வரும் பொருள் எதன் குறியீடு என்ற கேள்விக்குப் பள்ளிக்கூடத்தில் நாம் எழுதிப் பழகிய விடை ஒன்று உண்டு. இடுக்கி அன்பின் குறியீடு, கடிகாரம் காதலின் குறியீடு, இலை நம்பிக்கையின் குறியீடு. மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இந்த விடை பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமலே அதைத் தாண்டி ஓடிவிடுகிறது. ஒரு பொருள் கதைக்குள் நுழையும்போதே தியாகத்தைச் சுமந்துகொண்டு வருவதில்லை. இந்த ஆளுக்கு அது என்ன விலை, அதே காசில் அவருக்கு வேறென்ன கிடைத்திருக்கும் என்பதைக் கதை நம் உள்ளங்கையில் எண்ணி வைக்க வேண்டும். அதன் பிறகுதான் இடுக்கி கனக்கத் தொடங்குகிறது. நாவலுக்கு இந்தக் கட்டாயம் குறைவு. ஒரு தாய் முப்பது வருஷம் உழைத்துத் தேய்ந்ததை அது முந்நூறு பக்கத்தில் வருஷம் வருஷமாகக் காட்டிவிடலாம். சிறுகதைக்கு இருப்பது பத்துப் பக்கம். அதனால் அந்த முப்பது வருஷத்தையும் கையில் அடங்குகிற ஏதாவது ஒன்றுக்குள் வைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஹமீதிடம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவன் தேவதை மாதிரிப் பிள்ளை இல்லை. பொம்மைகளைப் பார்த்து ஏங்குகிறான், கையில் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறான். கிடைக்காததால், மண் பொம்மைதானே, விழுந்தால் உடைந்துபோகும் என்று பழிக்கவும் செய்கிறான். இடுக்கியைப் பார்த்தால் பாட்டி வாரி அணைப்பாள், அக்கம்பக்கத்தில் காட்டிப் பெருமைப்படுவாள் என்ற கணக்கும் அவன் மனதில் ஓடுகிறது. இந்தப் பொறாமையும் ஆசையும் இருப்பதால்தான் அவனை நம்ப முடிகிறது. ஆசையே இல்லாத பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது?

திரும்பி வந்ததும் அமீனா உருகிவிடுவதில்லை. நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள். மத்தியானம் வரை ஒன்றும் தின்னாமல் குடிக்காமல் இருந்துவிட்டு இந்த இடுக்கியையா வாங்கிவந்தாய் என்று கோபப்படுகிறாள். ஹமீது குற்றவாளி மாதிரி நின்று, உன் விரல் சுடுமே, அதனால்தான் என்கிறான். கோபம் அப்புறம்தான் கரைகிறது. குழந்தை ஹமீது கிழவன் ஹமீதாகிவிட, கிழவி அமீனா சின்னப்பெண் அமீனாவாகி அழுகிறாள் என்கிறார் பிரேம்சந்த். அவள் ஏன் அழுகிறாள் என்பது ஹமீதுக்குப் புரிவதில்லை. இந்தப் புரியாமையை நான் மிகவும் மதிக்கிறேன். தான் செய்தது தியாகம் என்று தெரிந்து, அதைச் சொல்லியும் காட்டுகிற பாத்திரத்திடமிருந்து வாசகர் ஒரு அடி விலகிவிடுவார்.

கணக்கு என்று வந்தால் உலகச் சிறுகதைகளில் ஓ. ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் த மேஜாய்' (The Gift of the Magi, ஞானிகளின் பரிசு) கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1905 டிசம்பர் 10 அன்று நியூயார்க் நாளிதழ் ஒன்றின் ஞாயிறு பதிப்பில் வந்தது. முதல் வரியே ஒரு தொகைதான்: ஒரு டாலர் எண்பத்தேழு சென்ட். கறிகாய்க்காரனிடமும் கசாப்புக் கடையிலும் கூச்சப்பட்டுக்கொண்டே பேரம் பேசி, ஒன்றும் இரண்டுமாக டெல்லா மிச்சம் பிடித்த காசு. மறுநாள் கிறிஸ்துமஸ். கணவன் ஜிம்முக்கு முன்பு வாரம் முப்பது டாலர் வந்துகொண்டிருந்தது, இப்போது இருபது. குடியிருக்கும் வீட்டுக்கு வார வாடகை எட்டு டாலர். மிச்சம் பன்னிரண்டு டாலரில் இரண்டு பேர் வாரத்தை ஓட்ட வேண்டும்.

இந்த வீட்டில் பெருமைப்பட இரண்டு சொத்துகள் உண்டு. ஒன்று ஜிம்மின் தங்கக் கடியாரம். தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து அவனுக்கும் வந்தது, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் வகை. மற்றது முழங்காலுக்குக் கீழே இறங்கும் டெல்லாவின் கூந்தல். கடியாரத்துக்குச் சங்கிலி இல்லை, பழைய தோல் வார்தான். அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஜிம் மறைத்து மறைத்து மணி பார்ப்பான். டெல்லா கூந்தலை இருபது டாலருக்கு விற்று, இருபத்தொரு டாலருக்குப் பிளாட்டினச் சங்கிலி வாங்கி, கையில் எண்பத்தேழு சென்டோடு வீட்டுக்கு ஓடிவருகிறாள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் காசு சரியாக இருக்கும். கூந்தலின் விலை ஜிம்மின் ஒரு வாரச் சம்பளம் என்பதும் தெரியும். ஓ. ஹென்றி அதைச் சொல்லிக் காட்டுவதில்லை. எண்ணை மட்டும் வைத்துவிட்டுப் போகிறார்.

ஜிம் அந்தக் கடியாரத்தை விற்று ஆமையோட்டுச் சீப்புகள் வாங்கிவந்திருக்கிறான் என்ற முடிவு எல்லோருக்கும் தெரிந்ததே. வாருவதற்குக் கூந்தல் இல்லை, கோப்பதற்குக் கடியாரம் இல்லை. இந்தச் சமநிலையைத்தான் வழக்கமாகப் புகழ்வார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் இரண்டு இழப்பும் சமம் இல்லை. என் முடி சீக்கிரம் வளர்ந்துவிடும் என்று டெல்லாவே சொல்கிறாள். ஒரு நாள் அந்தச் சீப்புகள் அவள் தலையில் ஏறும். தாத்தாவின் கடியாரம் திரும்பி வரப்போவதில்லை, பிளாட்டினச் சங்கிலி பெட்டியிலேயே கிடக்கும். ஜிம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சோபாவில் சாய்ந்து, கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சிரிக்கிறான். பரிசுகளைக் கொஞ்ச நாள் எடுத்து வைப்போம், இப்போது அடுப்பில் கறியை வை என்கிறான். கதையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பற்றிய அந்தப் பேச்சில் இருப்பது, அதற்குப் பின்னால் ஆசிரியரே முன்வந்து ஞானிகளைப் பற்றி விளக்குகிற கடைசிப் பத்தியில் இல்லை. ஓ. ஹென்றி அந்தப் பத்தியை எழுதாமல் விட்டிருக்கலாம்.

இந்தக் கதையில் வாங்கப்படாத பொருள் ஒன்றும் இருக்கிறது. ஜிம் உள்ளே வரும்போது, பாவம், இருபத்திரண்டு வயதுதான், அவனுக்குப் புது மேல்கோட்டு வேண்டும், கையுறைகூட இல்லை என்று ஒரு வரி வருகிறது. கொட்டும் குளிரில் கையுறை இல்லாத கணவனுக்கு டெல்லா வாங்குவது பிளாட்டினச் சங்கிலி. ஹமீதாக இருந்தால் கையுறை வாங்கியிருப்பான். டெல்லாவைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவள் மீட்டுக் கொடுக்க நினைத்தது கணவனின் மானத்தை. அந்தத் தோல் வாரை அவன் மறைத்துக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள். ஹமீது தடுக்க நினைத்தது பாட்டியின் விரலில் ஏற்படும் சூட்டுக்காயத்தை. வறுமை உடம்பையும் சுடுகிறது, மானத்தையும் சுடுகிறது. எந்த வலிக்காகக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கதைக்குள் வரும் பொருள் மாறுகிறது. ஒன்றில் இரும்பு, இன்னொன்றில் பிளாட்டினம். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், நான் இடுக்கியின் பக்கம்தான். சங்கிலிக்குக் கடியாரம் போனதோடு வேலை முடிந்துவிட்டது. இடுக்கி மறுநாள் காலையிலும் ரொட்டி புரட்டும்.

இந்தக் கதைகள் எங்கோ நியூயார்க்கிலும் வட இந்தியக் கிராமத்திலும் நடந்தாலும் தமிழ் வாசகருக்கு உரை தேவைப்படுவதில்லை. பிள்ளையின் படிப்புச் செலவுக்கும் விதைநெல்லுக்கும் தாலிக்கொடியை அடகுக் கடைக்கு அனுப்பிவிட்டு, மஞ்சள் கயிற்றோடு நடமாடிய அம்மாக்களை நாம் பார்த்திருக்கிறோம். மூன்றாம் தவணை வட்டி கட்டியாயிற்றா என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். பொருளைப் பார்த்தவுடன் அதன் பின்னால் இருக்கும் கடனைப் பார்க்கிற கண் நமக்குக் கதை படிப்பதற்கு முன்பே வந்துவிட்டது.

தமிழில் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' இந்த வகையில் ஒப்பற்ற கதை. பள்ளிப் பிள்ளைகளின் போட்டியில் தொடங்குகிறது. பணக்கார வீட்டு ராமசாமி சில்க் சட்டை போட்டிருக்கிறான். எங்கள் வீட்டில் அது இருக்கிறது, உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பிள்ளைகள் மாறி மாறி அடுக்குகிறார்கள். மங்கம்மாள், செல்லையா, தம்பையா மூவரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். தீபாவளி வருகிறது. தாயம்மாள் எப்படியோ பிள்ளைகளுக்குத் துணி எடுத்துவிடுகிறாள். கணவனுக்கு ஒரு துண்டு. தனக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பார்த்து வீட்டு வாசலுக்கு ஒரு அநாதைப் பையன் வந்து சேர்கிறான். உடம்பெல்லாம் சிரங்கு, கட்டியிருப்பது கந்தல். பெயர் ராஜா. தாயம்மாள் அவனுக்குச் சோறு போடுகிறாள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். குளிப்பாட்டிய பிள்ளைக்கு உடுத்த என்ன இருக்கிறது? வீட்டுக்காரருக்கென்று வாங்கிய அந்தத் துண்டுதான். அது பையனின் இடுப்புக்குப் போகிறது.

பணக்கார வீட்டுக்கும் ஒரு 'ராஜா' வந்திருக்கிறார் என்ற செய்தி வரும்போது, எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று மங்கம்மாள் பெருமையாகச் சொல்கிறாள். பிள்ளைகளின் போட்டி இப்படித்தான் முடிகிறது. இதில் துண்டு செய்கிற வேலையைப் பாருங்கள். சில்க் சட்டை கதையின் முதல் வரிகளிலேயே வந்து பளபளத்துவிட்டது. அதற்கு எதிராக நிறுத்த அழகிரிசாமி எடுத்தது தீபாவளித் துணிகளிலேயே மலிவானதை. ஈத்காவிலும் இதே உத்திதான்: இடுக்கிக்குப் பக்கத்தில் வண்ணம் பூசிய சிப்பாயும் வக்கீலும். தியாகத்தைச் சுமக்கும் பொருள் பக்கத்தில் மினுக்குகிற ஒன்று இல்லாவிட்டால் நம் கண்ணில் படுவதில்லை. கணக்கு இல்லாமல் அதற்கு எடை வராது என்றேன். எதிரில் இன்னொரு பொருள் இல்லாமல் அதற்கு ஒளியும் வராது.

அழகிரிசாமி பிறந்த இடைசெவல்தான் கி. ராஜநாராயணனுக்கும் ஊர். கோவில்பட்டிப் பக்கத்துச் சின்னக் கிராமம் இப்படி இருவரைக் கொடுத்திருக்கிறது. கி.ரா.வின் 'கதவு' கதையிலும் ஒரு ஏழை வீடு, அதில் ஒரு பொருள். பிள்ளைகள் ஏறி நின்று ஆடி விளையாடுகிற வீட்டுக் கதவு. தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து அதைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறான். கதவில்லாத வீட்டுக்குள் குளிர்காற்று புகுந்து கைக்குழந்தை இறந்துபோகிறது. பிறகொரு நாள் தங்கள் கதவைக் கண்டுபிடித்த பிள்ளைகள் அதைக் கட்டிக்கொள்கிறார்கள். மனதை உலுக்குகிற கதைதான், ஆனாலும் இதைத் தியாகக் கதைகளோடு சேர்த்துப் பேசக்கூடாது. கதவை யாரும் கொடுக்கவில்லை, பிடுங்கிக்கொண்டு போனார்கள். துண்டு கொடுக்கப்பட்டது. இரண்டு வீட்டிலும் வறுமை ஒன்றுதான், இழப்பும் உண்டு. கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்ற வழி தாயம்மாளுக்குத் திறந்திருந்தது. அந்த வழி இருந்தும் கொடுத்தாள் என்பதால்தான் துண்டு வேறு கணக்கில் சேர்கிறது. ஏழைகள் படும் கஷ்டத்தையெல்லாம் தியாகம் என்று அழைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது அவர்களிடமிருந்து பிடுங்கியவர்களுக்கு வசதியான பழக்கம்.

இந்த வசதியை முகத்துக்கு நேரே உடைத்தவர் புதுமைப்பித்தன். 1934-இல் மணிக்கொடி இதழில் வந்த 'பொன்னகரம்' ஐந்தாறு பக்கத்துக்குள் முடிகிற கதை. ஒரு நகரத்துச் சந்து. அம்மாளு மில் கூலி. புருஷன் முருகேசன் ஜட்கா ஓட்டுகிறவன். குடித்துவிட்டு வண்டி ஓட்டி, அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால்கஞ்சி குடிக்க ஆசை. அம்மாளுவுக்குக் கூலி வர இன்னும் நாள் இருக்கிறது, வீட்டில் காசு இல்லை. சந்தில் ஏற்கெனவே அவள்மேல் கண் வைத்திருந்தவனோடு இருட்டில் ஒதுங்கி, முக்கால் ரூபாய் சம்பாதித்து வருகிறாள். புருஷனுக்குக் கஞ்சி வார்க்கத்தான் என்று சொல்லிவிட்டு, கற்பைப் பற்றிப் பேசுகிறவர்களை நோக்கித் திரும்பிக் கதையை முடித்துவிடுகிறார்.

பால்கஞ்சியைவிடச் சாதாரணமான பொருள் கதைகளில் கிடைப்பது அபூர்வம். நோயாளி வீட்டில் அடுப்பில் கொதிப்பது. அதன் விலையும் இங்கே அணா பைசா சுத்தமாகத் தெரிகிறது. டெல்லா விற்றதும் உடம்பின் ஒரு பகுதியைத்தான், ஆனால் அது வளரும். அவளுக்குக் கடைசியில் அணைப்பும், ஆசிரியரின் ஆசியும் கிடைத்தன. அம்மாளுவுக்கு எந்த ஆசியும் இல்லை. புதுமைப்பித்தன் அவளைப் புகழ்வதில்லை, பரிதாபப்படுவதும் இல்லை. இந்தக் கஞ்சியைத் தியாகம் என்று சொல்வாயா, பாவம் என்று சொல்வாயா என்று வாசகரின் கழுத்தைப் பிடித்துக் கேட்கிறார். பெண் கொடுத்துக்கொண்டே இருப்பாள், கதை அதைப் பாடிக்கொண்டே இருக்கும் என்ற வழக்கத்தின் மேல் விழுந்த அடி அது. அமீனா, தாயம்மாள், டெல்லா என்று நான் அடுக்கிய பெயர்களைத் திரும்பிப் பார்த்தால் அந்த அடி ஏன் தேவைப்பட்டது என்பது புரியும். இந்த வரிசையில் ஜிம்மும் ஹமீதும் எனக்குக் கூடுதலாகப் பிடித்துப்போவதற்குக் காரணமும் அதுதான்.

பொருள் பொய்யாகிவிட்டால் தியாகம் என்ன ஆகும்? பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1884-இல் எழுதிய 'நெக்லஸ்' இதைக் கேட்கிறது. இரவல் வாங்கிய வைர நெக்லஸைத் தொலைத்துவிட்டு, முப்பத்தாறாயிரம் பிராங்குக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்து, பத்து வருஷம் பாத்திரம் தேய்த்துக் கடன் அடைத்த பிறகு, தொலைந்தது ஐந்நூறு பிராங்குக்கு மேல் பெறாத போலி என்று தெரியவருகிறது. எல்லோரும் அதைத் தொலைத்த மெத்தில்டைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அவள் கணவன்தான் உறுத்துகிறான். விருந்துக்கு அவளுக்குப் புது உடை வேண்டும் என்றதும், வேட்டைத் துப்பாக்கி வாங்கவென்று தான் சேர்த்து வைத்திருந்த நானூறு பிராங்கை அப்படியே கொடுக்கிறான். நெக்லஸ் தொலைந்ததும் அப்பா விட்டுப்போன பதினெட்டாயிரத்தையும் போடுகிறான். கதையில் கடைசி வரை தென்படாத அந்தத் துப்பாக்கியை யாரும் குறியீடு என்று விடைத்தாளில் எழுதுவதில்லை.

வாங்காமல் விட்ட பொருள் இப்படிப் பல கதைகளில் ஓரத்தில் நிற்கிறது. தாகூரின் 'காபூலிவாலா' கதையில் சிறை மீண்டு வந்த ரஹ்மத், ஊரில் இருக்கும் மகளின் கைத்தடம் பதிந்த அழுக்குத் தாளை எடுத்து விரிக்கிறான். எல்லோர் நினைவிலும் நிற்பது அந்தத் தாள், நியாயம்தான். ஆனால் அதைப் பார்த்த, கதையைச் சொல்லும் எழுத்தாளர் அவன் ஊருக்குப் போகப் பணம் கொடுத்துவிடுகிறார். அதனால் தன் மகள் மினியின் கல்யாணத்தில் மின்விளக்கு அலங்காரமும் பேண்டு வாத்தியமும் குறைந்துபோகின்றன. வீட்டுப் பெண்களுக்கு வருத்தம். கல்யாண வீட்டில் எரியாத விளக்கையும் ஒலிக்காத பேண்டையும் காட்டி, இன்னொரு தகப்பன் தன் மகளைப் பார்க்கப்போகிறான் என்பதைச் சொல்லிவிடுகிறார் தாகூர். 1892-இல் எழுதியது. இந்த இடத்தில் அவர் காட்டும் நிதானம் இன்றைக்கும் எழுதுகிறவர்களுக்குப் பாடம்.

ஓ. ஹென்றியின் 'கடைசி இலை' வேறு வழியில் போகிறது. நிமோனியாவில் கிடக்கும் பெண், ஜன்னலுக்கு வெளியே கொடியின் கடைசி இலை விழும்போது தானும் போய்விடுவேன் என்று நம்புகிறாள். இலை விழுவதில்லை. கிழ ஓவியர் பெர்மன் மழை இரவில் நின்று சுவரில் வரைந்த இலை அது. வரைந்ததை நாம் பார்ப்பதே இல்லை. அவர் இறந்த பிறகு நனைந்த பூட்ஸ், அணையாத லாந்தர், இழுத்துப் போட்ட ஏணி, பச்சையும் மஞ்சளும் குழைத்த தட்டு என்று சாமான்கள் மட்டும் சாட்சிக்கு வருகின்றன. போலீஸ் பஞ்சநாமா போல ஒரு பட்டியல், உருக்கமாக ஒரு சொல்கூடச் சேர்க்காமல். கொடுத்தவரே போய்விட்டதால் அவர் வாயால் சொல்லிக் கெடுக்கிற ஆபத்தும் இல்லை.

இவ்வளவு கணக்கு பேசியாயிற்று. கணக்கே இல்லாத ஒரு கதையும் உண்டு. அதற்கு முன்னால் என் வாதம் கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது. தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு'. ரயிலில் ஒரு தகப்பன், கூடச் சின்னப் பையன். பையன் கையில் ஒரு ஆரஞ்சு. உரிக்காமல் வைத்துக்கொண்டே வருகிறான். எதிரே காமாட்சி என்ற சிறுமி; அவளுக்கும் பள்ளிக்கூடம் போகிற வயதுதான். கல்கத்தாவில் ஒரு வீட்டுக்கு வேலைக்காரியாகப் போய்க்கொண்டிருக்கிறாள். போகிற இடத்தைப் பற்றி அவள் அழுது புலம்புவதில்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். இறங்கும் ஊர் வந்ததும் பையன் அந்த ஆரஞ்சை அவளிடம் கொடுத்துவிடுகிறான். தகப்பனுக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆரஞ்சுக்கு என்ன விலை? கதையில் அது பொருட்டே இல்லை. பையன் வீட்டில் பட்டினியும் இல்லை, நாளைக்கே இன்னொரு ஆரஞ்சு கிடைக்கும். இடுக்கிக்கும் துண்டுக்கும் பக்கத்தில் இதை வைத்தால் இழப்பென்று சொல்லக்கூட ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த வரியில் தகப்பனுக்கு வந்த சிலிர்ப்பு வாசிப்பவருக்கும் வந்துவிடுகிறது. இங்கே ஜானகிராமன் காசுக்குப் பதிலாக நேரத்தை எண்ணுகிறார். ரயில் ஓடுகிற அவ்வளவு நேரமும் அந்தப் பழம் பையனின் கையில் இருந்தது. தின்னச் சொன்னால் தின்றிருக்கலாம், தின்னவில்லை. குழந்தை ஒரு பண்டத்தைத் தின்னாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது குழந்தைகளோடு பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். அப்படிக் காத்துவந்ததை, இனி ஒரு நாளும் பார்க்கப்போகாத ஒருத்திக்கு, அவள் கேட்காமலே, அப்பா சொல்லாமலே கொடுக்கிறான். அவள் பயணத்தை அந்தப் பழம் ஒரு அங்குலம்கூட மாற்றப்போவதில்லை. கல்கத்தா அங்கேயேதான் இருக்கிறது, அந்த வீட்டின் பாத்திரங்களும் அங்கேயேதான் இருக்கின்றன. பெரியவர்கள் நிறைந்த அந்தப் பெட்டியில் அவளுக்காகத் தன் கையிலிருந்ததைக் காலியாக்கிக்கொண்டவன் அந்தப் பையன். அப்பாவுக்குச் சிலிர்த்ததில் பெருமை மட்டும்தான் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. வழி நெடுக அவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தவர் அவர். எழுந்து கொடுத்தது பையன். அதில் கொஞ்சம் வெட்கமும் கலந்திருக்க வேண்டும்.